அடுப்பு இரண்டு, பதில் ஒன்று

காலை ஆறு மணி. தாராவியில் எங்கள் எதிர்வீட்டு அக்கா ஐந்து கிலோ சிலிண்டரை இரு கைகளாலும் தூக்கி மெல்ல ஆட்டிப் பார்க்கிறார்.

"இன்னும் நான்கு நாள் தாங்கும் தம்பி."

பிறகு சந்தில் மூன்று செங்கற்களை வைத்து, உடைந்த பெட்டிப் பலகைகளைப் பற்றவைக்கிறார். வெந்நீரும் சோறும் விறகில். தேநீரும் குழம்பும் மட்டும் எரிவாயுவில்.

பேத்தி பாவாடை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்தப் புகையிலேயே வீட்டுப்பாடம் எழுதுகிறாள். பக்கத்துக்கு ஒருமுறை இருமுகிறாள்.

அக்கா பெயரில் உஜ்வலா இணைப்பு, அதாவது ஏழைப் பெண்களுக்கு மத்திய அரசு தரும் எரிவாயு இணைப்பு, இருக்கிறது, திருநெல்வேலியில். அந்த சிலிண்டர் மாமியாரிடம். மானியமும் அந்த இணைப்புக்குத்தான். பிழைக்க வந்த ஊரில் சந்தை விலைக்குச் சின்ன சிலிண்டர்.

வீட்டுக்குள் சூழும் புகையால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நம் நாட்டில் 58.6 சதவீத வீடுகள் தூய எரிபொருளில் சமைப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் அதில் கேட்கப்படுவது, முக்கியமாக எதில் சமைக்கிறீர்கள் என்பதுதான்.

அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"கேஸ்தான்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.