தரங்கம்பாடி மாசிலாமணிநாதர்: கடல் பாதி எடுத்துக்கொண்ட கோயில்

திருக்கடையூரில் சொந்தக்காரர் ஒருவருக்கு மணிவிழா. அபிராமி தரிசனம், மாலை மாற்றல், சாப்பாடு எல்லாம் முடிந்த பிறகு, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, தரங்கம்பாடி மாசிலாமணிநாதரையும் சேவித்துவிட்டுப் போகலாம் என்று பேச்சு வந்தது. ரொம்ப நாளாக மனதில் இருந்த சிவன் கோயில். சாயங்காலம் கிளம்பிவிட்டோம்.

டேனிஷ்காரர்கள் 1792-இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்து ராஜா வீதியில் நேராக நடந்தால் கடல். வலது பக்கம் டேனிஷ் கோட்டை, வருகிற எல்லாரும் நேரே அங்கேதான் போகிறார்கள். இடது பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் நடந்தால் அலையை ஒட்டி நம் சுவாமி இருக்கிறார்.

கோட்டை 1620-இல், தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் அனுமதி கொடுத்த பிறகு எழுந்தது. கோயிலோ 1306, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். பாண்டிய ராஜ்யம் அண்ணன் தம்பி சண்டையில் உடைவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் கட்டியது. டேனிஷ் கப்பல் வந்து நின்றபோதே இந்தக் கோயிலுக்கு முந்நூறு வயது தாண்டிவிட்டது! கல்வெட்டில் ஊருக்குச் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்று பெயர். அப்போதே இது பட்டினம், கடல் வணிகம் நடந்த இடம்.

இப்போது சந்நிதிக்கு முன்னால் இருந்த மண்டபங்கள் இல்லை, கடல் கொண்டுபோய்விட்டது. ஒரே நாளில் போனதில்லை, கரை அரித்து அரித்து, வருடம் தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. பழைய படங்களில் பார்த்தால் முன்பக்கம் பிளந்துபோய் அலை வந்து அடிக்கிற மாதிரி கருவறையும் விமானமும் மட்டும் நிற்கும், பார்க்கவே வயிற்றைப் பிசையும். 2004 சுனாமி இந்தக் கரையையும் விடவில்லை. அதற்கப்புறம் திருப்பணி நடந்தது. கடல் பக்கம் பெரிய பெரிய பாறாங்கற்களைக் கொட்டி அணை மாதிரி போட்டிருக்கிறார்கள், அதுதான் இன்றைக்குக் காவல்.

சுற்றி வரும்போது பழைய கல்லைத் தொட்டுப் பாருங்கள். உப்புக்காற்று தின்று, தோசையில் விழுகிற துளைகள் மாதிரி பொரிந்திருக்கிறது, விரலால் தடவினால் பொடி ஒட்டுகிறது. நாங்கள் கொண்டுபோன அகலை ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. காற்று நிற்கவில்லை. கடைசியில் எங்கள் அத்தை முந்தானையை விரித்து மறைத்துக்கொள்ள, சுடர் பிடித்தது. "சாமி, நீதான் இந்த ஊரைப் பார்த்துக்கணும்" என்று அவர் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெரிந்த பதிகம் ஒன்றைப் பாடினோம். எங்களைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை.

ஏன் கூட்டம் இல்லை? தேவாரம் பாடிய மூவருக்கும் பல நூற்றாண்டு பிந்திய கோயில் என்பதால் பாடல் பெற்ற தலப் பட்டியலில் வராது, அந்தப் பட்டியலை வைத்து ஊர் ஊராகப் போகிற அடியார்கள் பக்கத்தில் திருக்கடையூரோடு திரும்பிவிடுகிறார்கள். பரிகாரத் தலம் என்ற பெயரும் இல்லை. ஊரும் நொடித்துப்போன ஊர். 1845-இல் டேனிஷ்காரர்கள் இதை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள், 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் துறைமுக வியாபாரம் அந்தப் பக்கம் சாய்ந்தது. மாயவரத்திலிருந்து இங்கே 1926-இல் வந்த ரயிலும் 1986-இல் நின்றுபோயிற்று. வியாபாரிகள் போனால் கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுக்கிற கையும் போய்விடும், அதுதான் நடந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

கோட்டையைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கிய ஊர், தமிழ் அச்சு வரலாற்றில் பெரிய இடம், அதையெல்லாம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் சுவாமி. திருக்கடையூரில் அறுபது, எண்பது என்று கல்யாணம் செய்துகொள்ள வருகிற குடும்பங்களில் பத்தில் ஒன்று இங்கே வந்தால்கூடப் போதும், தினமும் சந்நிதியில் ஆள் இருக்கும். சாயங்காலம் நடை திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு வாருங்கள், நல்லெண்ணெயும் திரியும் கையோடு எடுத்து வாருங்கள், காற்றுக்கு மறைப்பாகப் பிடிக்க இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.