சுண்டங்கத்தரி வேரில் செரித் தக்காளி: இந்த முறை வாடல் தோற்றது

மழை விட்டு நல்ல வெயில் அடித்தால் என் மொட்டைமாடித் தக்காளிக்கு என்ன நடக்கும் என்று எனக்கு மனப்பாடம். மத்தியானம் நுனி தொங்கும். இரவில் எழும்பி நிற்கும். மறுநாளோ அதற்கு மறுநாளோ, ஒரு இலை கூட மஞ்சளாகாமல், பச்சையாகவே செத்துப்போகும். இந்த டிசெம்பரிலும் ஒட்டாமல் வைத்த செரித் தக்காளி எல்லாம் அப்படியே போயின. ஆனால் அதே மண்ணில், அதே வரிசையில், சட்டிக்குச் சட்டி வழிந்த அதே தண்ணியைக் குடித்துக்கொண்டு நின்ற, சுண்டங்கத்தரி வேரில் ஒட்டிய தக்காளிக் கன்றுகள் அசையவில்லை. இப்போது பூத்திருக்கின்றன. பெருமை அடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அடிக்கத்தான் போகிறேன்.

2022 ஜூனில் அரசாங்க அலுவலர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்களே, அந்தக் காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் சட்டி ஏறாத மொட்டைமாடியே இல்லை. அந்தச் சட்டிகளில் பாதியில் இப்போது கற்றாழை. மீதியில் கறிவேப்பிலை. தக்காளியை எல்லாரும் கைவிட்டதற்கு உரமோ வெயிலோ காரணம் இல்லை, இந்தப் பக்டீரியா வாடல்தான். சந்தேகம் இருந்தால் செத்த கன்றின் அடித்தண்டை வெட்டி, ஒரு கண்ணாடிக் கிளாஸ் தண்ணியில் வெட்டு முகம் மட்டும் நனையத் தொங்கவிட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கும். அதுதான் ரால்ஸ்டோனியா, வாடலைக் கொண்டுவரும் பக்டீரியா. மண்ணுக்குள் வருடக்கணக்கில் படுத்திருக்கும். மருந்து அடித்து மாற்ற முடியாது. மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் பிடிக்கும், ஆகவே பயிர் மாற்றுகிறேன் என்று தக்காளிக்குப் பிறகு மிளகாய் வைப்பதிலும் பிரயோசனம் இல்லை.

"திலின வைக்கலாமே, டி-245 வைக்கலாமே" என்று யாராவது கேட்பீர்கள். விவசாயத் திணைக்களத்தின் அந்த இனங்கள் வாடலைத் தாங்கும், உண்மை. குழம்புக்குத் தக்காளி போதும் என்றால் அதோடு நிறுத்திவிடலாம். எனக்கு வேண்டியது செரி. அதோடு மண் சூடாகவும் ஈரமாகவும் இருக்கும்போது தாங்கும் இனமும் தளரும், கொழும்பில் மண் வேறு எப்படித்தான் இருக்கும்?

ஆகவே வாடலைத் தாங்கும் கத்தரி வேரில் செரியை ஒட்டுவதுதான் வழி. ஆனால் வேருக்கு எந்தக் கத்தரியும் சரிவராது, கத்தரியே இந்த நோயில் விழும் பயிர். தாய்வானில் உள்ள உலக மரக்கறி நிலையம் இதற்கென்றே தெரிந்தெடுத்த ஈஜி 195, ஈஜி 203 என்ற கத்தரிகள் இருக்கின்றன, வாடலோடு தண்ணி தேங்குவதையும் தாங்கும். எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது சுண்டங்கத்தரி. பழுத்து மஞ்சளான காயைப் பிசைந்து கழுவி நிழலில் காயவைத்த விதை. முளைக்க அதற்கு ஒரு அவசரமும் கிடையாது, கிழமைக்கணக்கில் படுத்தும். முளைத்த பிறகும் தண்டு தடிக்காது. தக்காளியோ போட்டவுடனே எழும்பும். இரண்டும் ஒரே தடிப்பில் சந்திப்பதுதான் முதல் தலையிடி. சுண்டங்கத்தரி இரண்டாம் இலை விட்டதும் தக்காளியைத் தவணை முறையில், சில நாள் இடைவெளி விட்டுவிட்டுப் போட்டேன். எந்தத் தவணையாவது பொருந்தும். மிச்சத்தை எல்லாம் பக்கத்து வீட்டு மாமிக்குக் கொடுத்தேன்.

"கத்தரியில ஒட்டினா காய் ஊதாவா வருமோ தம்பி?"

"இல்லை மாமி, வேர் மட்டும்தான் கத்தரி. மேல முழுக்கத் தக்காளி."

"அப்ப இந்த ஒட்டாத கண்டை ஏன் என்ர தலையில கட்டுறாய்?"

பதில் இல்லை. ஒட்டினது ஒன்று கொடுக்க வேண்டியதாகப் போயிற்று.

இனி டியூப். தண்டு 2 மி.மீ. அளவில் இருக்கும்போது வித்திலைக்கு மேலே, ஏறக்குறைய 45 பாகைச் சரிவில் இரண்டையும் வெட்டிப் பொருத்த வேண்டும். பொருத்தினதைப் பிடிக்கத்தான் குழாய். வெளிநாட்டு சிலிக்கன் கிளிப் ஒன்லைனில் இருக்கிறது. தபால் செலவைப் பார்த்தால் தக்காளியைத் தங்கத் தட்டில் வைத்துத்தான் சாப்பிட வேண்டும். மீன் தொட்டிக்குக் காற்று விடும் குழாயின் உள்விட்டம் 4 மி.மீ., உள்ளே தண்டு ஆடும். கடைசியில் கை கொடுத்தது சைக்கிள் வால்வுக்கு மாட்டும் மெல்லிய றப்பர் டியூப். சைக்கிள் கடை ஐயா ஒரு முழம் வெட்டித் தந்துவிட்டு, "சைக்கிளே இல்லாத வீட்டுக்கு எதுக்கு?" என்று கேட்டார். ஒரு சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, ஒரு பக்கம் நீளத்துக்குக் கீறி வைத்தால் போதும். தண்டு தடிக்கத் தடிக்க அதுவே விரிந்து கழன்று விழும். ஒரே குறை, உள்ளே தெரியாது. ஆகவே முதலில் கீழ்த் தண்டில் பாதி ஏற்றிவிட்டு, சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று டியூப்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தக்காளித் துண்டை அந்தக் கோட்டுக்கு எதிராகத் திருப்பி இறக்கினால் முகத்துக்கு முகம் உட்காரும். சவரப் பிளேட் புதிதாக இருக்க வேண்டும், கடதாசியோடே இரண்டாக உடைத்து, ஒவ்வொரு சில வெட்டுக்கும் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். இந்தப் பக்டீரியா பிளேட்டிலும் பயணம் போகும்.

வெட்டுகிறது பெரிய வித்தை இல்லை. கன்று பிழைக்கிறதும் சாகிறதும் அதற்குப் பிறகு பெட்டிக்குள்தான். மேலே உள்ள இலைக்கு வேர் இல்லை, ஆனாலும் அது ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். காற்று முழுக்க ஈரமாக இருந்தால்தான் தாக்குப்பிடிக்கும். கொழும்புக் காற்றின் ஈரம் நமக்கு வியர்க்கப் போதும், ஒட்டுக் கன்றுக்குப் போதாது. மீன்கடை ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் குளோரின் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்து, அடியில் ஈரத் தும்புத் தூள் பரப்பி, மேலே பொலித்தீன், அதற்கு மேலே கறுப்புத் துணி. ஸ்பிறே பண்ணுவது பெட்டியின் சுவருக்கு, கன்றுக்கு இல்லை. ஒட்டுக்குள் தண்ணி இறங்கினால் பொருந்தாது, அழுகும். முதல் இரண்டு மூன்று நாள் இருட்டு. பிறகு துணியை எடுத்து மங்கல் வெளிச்சம். பிறகு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பு: திறந்ததும் இலை தொங்கினால் உடனே மூடு, மறுநாள் பார். ஏசி அறையில் மட்டும் வைக்காதீர்கள், ஏசி காற்றைக் காயவைத்துவிடும்.

ஒட்டு பிடித்ததா என்று டியூப்பை அசைத்துப் பார்க்கிற ஆட்களைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். அசைக்கவே தேவையில்லை. விடியக்காலமை டோர்ச் அடித்துத் தக்காளி இலையின் விளிம்பைப் பாருங்கள். பெட்டிக்குள் படியும் ஈரம் இலை முழுக்கக் கண்டபடி இருக்கும். வேர் தள்ளிய தண்ணி விளிம்புப் பற்களின் நுனியில் மட்டும், ஒவ்வொரு துளியாக, வரிசையாக நிற்கும். அதைக் கண்டால் கீழ் வேரின் தண்ணி மேல் இலைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு நான் அலுவலகத்துக்குப் பிந்தித்தான் போனேன்.

நடுகை பற்றி ஒன்றே ஒன்று. தக்காளியைக் கழுத்து வரை புதைத்து நட்டுப் பழகிய கை நமக்கு. ஒட்டுக் கன்றில் அந்தப் பழக்கத்தைத் தூக்கி எறியுங்கள். ஒட்டு மண்ணுக்கு மேலே நன்றாக உயர்ந்து நிற்க வேண்டும். தக்காளித் தண்டு மண்ணைத் தொட்டால் தானே வேர் விடும், அந்த வேர் வழியாக வாடல் ஏறும், பிறகு சுண்டங்கத்தரி சும்மா அலங்காரம். மழை மண்ணைத் தெறிக்காமல் சட்டிக்குப் பொச்சுமட்டை பரப்பியிருக்கிறேன். ஒட்டுக்குக் கீழே வருகிற சுண்டங்கத்தரித் தளிரைக் கண்டவுடன் கிள்ள வேண்டும், விட்டால் அதுதான் மரமாகும்.

இப்போதைய நிலைமை: முதல் இரண்டு கொத்துப் பூ. தையில் இரவு 22 பாகை வரை இறங்குவதால் காய் பிடிக்கிறது. காலை பத்து மணி போல மின்சார டூத்பிறஷ்ஷைக் காம்புக்குப் பின்னால் பிடித்தால் மகரந்தம் புகையாகக் கொட்டுகிறது, வீட்டில் இதற்குத் தனி பிறஷ் வாங்கச் சொல்லிவிட்டார்கள். ஏப்ரலில் இரவு 25க்கு மேல் நின்றுவிட்டால் மகரந்தம் கெட்டு, பூ காம்புக் கணுவோடு உதிரும். அதில் ஒட்டு ஒன்றும் செய்யாது, ஏனென்றால் பூ தக்காளியின் பூதான். வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருளுக்கும் அப்படியே. ஈ ஒட்டிக்கொள்ளப் பசை தடவிய மஞ்சள் அட்டை தொங்குகிறது, பார்ப்போம். கத்தரி வகை வேரில் காயின் அடி கறுப்பது கூடுதல் என்பதால் மண்ணில் டொலமைட் முன்கூட்டியே கலந்திருக்கிறேன், தண்ணியும் விட்டுவிட்டு ஊற்றாமல் ஒரே அளவு.

பத்தரமுல்லை தியத்த உயனப் பக்கம் கன்று விற்கிறவர்களிடம் போன ஞாயிறு ஒட்டுத் தக்காளி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். ஒட்டு மா இருக்கிறது, ஒட்டு றம்புட்டான் இருக்கிறது, ஒட்டுத் தக்காளி என்றதும் சிரிக்கிறார்கள். விற்கத் தொடங்கினால் நல்ல வியாபாரம், யாராவது செய்யுங்கள், முதல் கன்று நான் வாங்குகிறேன். கறிமிளகாயை ஒட்ட இந்த வேர் உதவாது, அதற்கு மிளகாய் வேர்தான் வேண்டும், அது வேறு கதை.

எனக்கு இப்போது மண்டைக்குள் ஓடுவது வேறு. சுண்டங்கத்தரி பல வருடம் நிற்கும் செடி. சித்திரையில் தக்காளி ஓய்ந்ததும் ஒட்டோடு வெட்டி எறிந்துவிட்டு, கீழ்த் தளிர் ஒன்றை மட்டும் வளரவிட்டு, ஒக்டோபரில் அதன் மேலேயே புதுத் தக்காளியை ஒட்டினால் வேர் வளர்க்கும் காலம் மிச்சம். ஆனால் அந்தத் தளிர் தடிப்பாக இருக்கும், வால்வு டியூப் போதாது, தண்டைப் பிளந்து ஆப்பு மாதிரிச் செருகித்தான் ஒட்ட வேண்டும். கிளிப்புக்கு சைக்கிள் உள் டியூப்பையே நாடாவாகக் கீறிக் கட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.