பழைய லாரி இன்ஜின் வாங்குகிறவர்களுக்கு

புது பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும், பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயான லைனரும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

வாங்கிய இன்ஜினைப் பிரித்த பிறகு, மெக்கானிக்கான என் கவனமெல்லாம் லைனர் உயரத்தில்தான். வெட் லைனர் (வெளிப்பக்கம் கூலிங் தண்ணீர் நேராகப் படும் லைனர்) இன்ஜினின் உடலான பிளாக்குக்கு மேலே மயிரிழை அளவு நிற்க வேண்டும். நுண்ணிய அளவு காட்டும் டயல் கேஜ் வைத்து ஒவ்வொன்றையும் சுற்றிலும் அளப்பேன். ஒன்று தாழ்ந்தாலும் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் வரும் ஹெட் கேஸ்கெட் அங்கே சரியாக அமுங்காது, அப்புறம் கசிவுதான். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கை 0.25 மி.மீ. அரைத்தால், அதைத் தாங்கும் பேரிங்கும் அதே அண்டர்சைஸ், அதாவது அந்த அளவு மெலிந்த தண்டுக்கானதுதான் போட வேண்டும்.

மாட்டியதும் டீசலை நிறுத்திவைத்து செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் ஏறிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் வராமல் சுற்றினால் முதலில் அடிவாங்குவது, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ. இதில் அவசரப்படுத்தினால் ஓனரிடமும் நான் சண்டை போடுவேன்.