மூன்று எழுத்துக் குறையைத் தேடும் வேலை

டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் சோதனை என்றாலே இப்போது கொரோனாதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் லேபில் அதற்கு முன்பிருந்தே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்காக பிசிஆர் ஓடிக்கொண்டிருந்தது. நுரையீரலில் சளி பசைபோல் இறுகி, தொற்றுமேல் தொற்று வரும் பரம்பரை நோய் அது. காரணமான சிஎஃப்டிஆர் மரபணுவை 1989இல் கண்டுபிடித்தார்கள். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய்.

ஐரோப்பிய நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் பழுதின் பெயர் எஃப்508டெல். டிஎன்ஏவில் மூன்றே எழுத்துகள் விடுபட்டிருக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தை மட்டும், அதன் இரு பக்கமும் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகளான பிரைமர்களை வைத்துப் பெருக்கினால் நல்ல பிரதியிலிருந்து 98 எழுத்துத் துண்டும், பழுதானதிலிருந்து 95 எழுத்துத் துண்டும் வரும். 30 சுற்றில் ஒரு துண்டு, கணக்குப்படி, 100 கோடியைத் தாண்டிவிடும். பிறகு பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் மின்சாரம் செலுத்தி ஓட்டி, நீளத்தின்படி பிரிக்க வேண்டும். ஒவ்வொரு நீளமும் ஒரு பேண்டாக, அதாவது பட்டையாக, தெரியும். ஒரு பிரதி மட்டும் பழுதான கேரியரின் சாம்பிளில் மேலே கூடுதலாக ஒரு பேண்ட் நிற்கும். நல்ல பிரதியின் இழையும் பழுதானதன் இழையும் சரியாகப் பொருந்தாமல் ஜோடி சேர்ந்து மெதுவாக ஓடுவதால் வருவது. புதிதாகச் சேர்பவர்கள் அதை அழுக்கு என்பார்கள். நான் முதலில் தேடுவதே அதைத்தான்.

இவ்வளவு பெருகுவதால், பெருகிய துண்டு வேறு சாம்பிளில் கலந்துவிடுமோ என்ற பயமும் உண்டு. ஜெல் அறையில் போட்ட லேப் கோட்டோடு டிஎன்ஏ அறைக்குள் நுழையக் கூடாது. டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர் விட்ட பிளாங்க் குழாயில் பேண்ட் வந்தால் அன்றைய ஓட்டம் முழுக்கக் குப்பைக்கு.

ஆனால் எனக்கு நெருடல் ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போதுதான். எஃப்508டெல் இல்லை என்றதும், "அப்போ பிள்ளைக்கு ஒண்ணும் இல்லதானே மேடம்?" என்று கேட்பார்கள். நாங்கள் தேடியது ஒரே ஒரு பழுதை. இந்த மரபணுவில் 2000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன. இந்திய நோயாளிகளிடம் எஃப்508டெல்லின் பங்கு ஐரோப்பாவைவிடக் குறைவு. விலை குறைவு என்பதற்காக இந்த ஒரு சோதனையோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் அது இந்த நோயின் அறிகுறி; அப்படிப்பட்ட குழந்தைக்கு எஃப்508டெல் தெரியாத எங்கள் ஜெல் ஆறுதல் ஆகாது. முழு மரபணுவையும் சீக்வென்சிங் செய்ய வேண்டும், அதாவது எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும்.

ஒரு பழுது கிடைத்தாலும் இரண்டாவதைத் தேடியாக வேண்டும். அடுத்த பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. இரண்டும் தெரிந்தால்தான் கருவிலேயே உறுதியாகச் சொல்ல முடியும். அதனால் பெற்றோர் ரத்தத்தையும் கேட்கிறோம். பல நேரம் அப்பா வேலைக்குப் போயிருப்பார்.