சிவப்புக் கொட்டை எழுத்தும் ஒன்பது கிளைகளும்

ஒன்பது கிளை அலுவலகங்களுக்கு ஒரே வலைத்தளம், எல்லாருக்கும் எல்லா உரிமையும். நாங்கள் செய்த பெரிய தப்பு அதுதான். ஒரு கிளைக்காரர் வேர்டிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுவார், எழுத்துருவும் அளவும் நிறமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்னொருவர் விடுமுறை அறிவிப்பு கண்ணில் படவேண்டுமே என்று சிவப்பில் கொட்டை எழுத்தில் போடுவார். தளத்தின் தோற்றத்தை மாற்ற உட்கார்ந்தபோதுதான் வலித்தது. தளம் முழுவதற்கும் தோற்றத்தைச் சொல்லும் பொதுவான சிஎஸ்எஸ் கோப்பில் எதை மாற்றினாலும், எழுத்தோடு சேர்ந்து பக்கத்துக்குள் ஒட்டிக்கொண்டிருந்த தோற்றக் குறிப்பு, அதாவது இன்லைன் ஸ்டைல்தான் பெரும்பாலும் ஜெயித்தது. இத்தனைக்கும் சிஎஸ்எஸ்ஸின் முதல் பதிப்பு 1996-லேயே வந்துவிட்டது, உள்ளடக்கம் வேறு தோற்றம் வேறு என்று பிரிக்கத்தான்.

சரி, வழியை மாற்றினோம். முகவரி, தொலைபேசி, வேலை நேரம் எல்லாம் தனித்தனிப் புலங்கள், அதாவது நிரப்பும் கட்டங்கள். கிளையில் இருப்பவர் எண்ணை ஓரிடத்தில் திருத்தினால் போதும், தொடர்புப் பக்கம், அடிப்பகுதி, கிளைப் பட்டியல் மூன்றிலும் டெம்ப்ளேட் என்கிற பக்க வார்ப்புரு அதைக் காட்டிவிடும். வலைத்தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் எடிட்டர் பொறுப்பில் இருப்பவரால் இயல்பாகவே தளத்தின் தோற்றத் தொகுப்பான தீமை மாற்ற முடியாது (தீம் என்ற சொல்லோடு வேற்றுமை உருபு சேர்ந்தால் இந்தக் கதிதான்). எழுதும் பெட்டியில் தலைப்பு, தடித்த எழுத்து, சுட்டி, பட்டியல், அவ்வளவே.

முதலில் முணுமுணுப்பு இருந்தது. “எங்கள் கிளைக்கு மட்டும் தனி பேனர்” என்று இப்போதும் ஒருவர் மாதம் தவறாமல் கேட்கிறார். தோற்றம் சீராகிவிட்டது, ஆனால் காலாவதியான அறிவிப்பை யார் எடுப்பது என்பதற்கு டெம்ப்ளேட்டில் விடை இல்லை, அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரும் மறுபார்வைத் தேதியும் போட ஆரம்பித்திருக்கிறோம்.