ஏழாவது விதி

கோவை சிறுவாணி சாலைப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பில் ஒன்பது வருடம் சேர்க்கைப் பிரிவில் இருந்தேன். இடம் பார்க்க வருபவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது, படிவம் நிரப்புவது, டெபாசிட் வாங்குவது. கிட்டத்தட்ட பள்ளிக்கூட அட்மிஷன் வேலைதான். இங்கே பிள்ளைகள் பெற்றோரைச் சேர்க்க வருவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பாதிப் பேர் பெற்றோரை அழைத்து வருவதும் இல்லை. வீடியோ காலில் "ரூமைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க" என்பார்கள்.

எல்லாருக்கும் ஒரே கேள்விகள். சாப்பாடு சைவமா? வைஃபை உண்டா? டாக்டர் தினமும் வருவாரா? பக்கத்தில் கோயில் இருக்கிறதா? படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஏழாவது விதியைப் பற்றி மட்டும் யாரும் கேட்டதில்லை. "தன் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளக்கூடியவர்கள் மட்டும்."

முதியோர் இல்லம் என்றால் சேர்ந்த நாள் முதல் கடைசி நாள் வரை என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். நடமாட்டம் உள்ளவர்களுக்கான வீடுகள் வேறு, குளிக்க உடுத்த ஆள் துணை தேவைப்படுபவர்களுக்கான இடம் வேறு, படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடம் வேறு. மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடங்களும் உண்டு. எங்களுடையது முதல் வகை மட்டும். எனக்கு அது தெரியும். தெரிந்தும்தான் அந்தத் தவறைச் செய்தேன்.

பொள்ளாச்சிப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியை, 78 வயது. மகன் மெல்போர்னில். படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த மகன் என்னிடம், "கடைசி வரைக்கும் பாத்துக்குவீங்கல்ல?" என்று கேட்டார். "பாத்துக்குவோம் சார், கவலையே படாதீங்க" என்றேன். அந்த மாதம் இரண்டு வீடுகள் காலியாகக் கிடந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு விடிகாலையில் அந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். உள்தாழ்ப்பாள் போட்டிருந்ததால் உடைத்துத்தான் தூக்கினோம். இடுப்பு எலும்பு முறிவு. அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவர் பிறகு எழுந்து நடக்கவில்லை. இரண்டு மாதம் பொறுத்த நிர்வாகம், ஏழாவது விதியைக் காட்டியது. மகனுக்கு போன் போட வேண்டியது நான். அவர் கத்தவில்லை. "நீங்கதான மேடம் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

வேறு இடம் நானே தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரத்தில் பதினொரு இடம் பார்த்தேன். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அந்த இரண்டு வாரத்தில்தான். காலை பதினோரு மணிக்குப் போனால் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். ராத்திரி எட்டரைக்குப் போக வேண்டும். எத்தனை படுக்கைக்கு எத்தனை அட்டெண்டர் என்று அப்போதுதான் தெரியும். ஓரிடத்தில் முப்பது பேருக்கு ஒரே பெண், அவளும் கீழே பாய் விரித்துக்கொண்டிருந்தாள். அசைய முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். புரட்டிய நேரத்தை எழுதும் அட்டையைக் காட்டச் சொன்னேன். ஓரிடத்தில் மறுநாள் காலை வரைக்கும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள்! அழைப்பு மணி சுவரில் இருக்கும், படுத்திருப்பவர் கைக்கு எட்டாது.

கடைசியில் அகப்பட்டது ஓட்டு வீடு ஒன்று. பன்னிரண்டு படுக்கை, ஒரு பழைய நர்ஸ் நடத்துகிறார். தரை சுமார், பெயின்ட் உரிந்திருந்தது. மூத்திர வாடை மட்டும் இல்லை. கொண்டுபோய்ப் படுக்க வைத்ததும் டீச்சரம்மா சொன்னார்: "அம்மிணி, இங்க ஜன்னல் கீழாப்புல இருக்கு. படுத்துட்டே ரோட்டப் பாக்கலாம்." பதினொரு இடத்தில் நான் ஒரு ஜன்னலையும் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் வருகிறவர்களிடம் ஏழாவது விதியை முதலிலேயே வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். மேலாளருக்குப் பிடிக்கவில்லை. சேர்க்கை குறைந்ததென்னவோ உண்மை. பணப் பேச்சையும் அங்கேயே எடுத்துவிடுவேன். 70 வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு என்று 2024 அக்டோபரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் வந்ததும், "அப்ப ஹோம் நர்ஸ் சம்பளம் அதுல வந்துருமா?" என்று பலர் கேட்டார்கள். வராது. அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் சிகிச்சைக்கு. மாதாமாதம் ஆகும் டயப்பரும் ஆள் கூலியும் கைக்காசுதான்.

சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ஆறாது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். ஆனால் பத்திர எழுத்தரிடம் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. "புள்ளகிட்ட போயி கண்டிசன் போடறதுங்களா?" என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். அவரும் பொடி எழுத்து படிக்காதவர்தான்.

நான் வேலையை விடுவதற்குச் சில மாதம் முன்பு ஒரு மகன் தன் அப்பாவோடு வந்தார். அப்பா பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழாவது விதியை வாசித்தேன். மகன் தரையைப் பார்த்தார். பெரியவர், "சரி கண்ணு, நடக்கற வரைக்கும் இங்க. அதுக்கப்புறம் எங்கன்னு இவன் இப்பவே பாத்து வெக்கட்டும்" என்றார். பிறகு எழுந்து நேராகக் குளியலறைக்குப் போனார். கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"இது உள்பக்கமாத் தொறக்குது. உள்ள விழுந்தா நானே கதவுக்கு முட்டுக் குடுத்துட்டுக் கெடப்பேன். கீலை மாத்தி வெளிப்பக்கம் தொறக்கற மாதிரி வெக்கச் சொல்லுங்க."

டீச்சரம்மா விழுந்த பிறகு நாங்கள் எல்லா அறையிலும் உள்தாழ்ப்பாளைக் கழற்றியிருந்தோம். அதைப் பெரிய சீர்திருத்தம் என்று நான் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன். நாற்பது கதவும் உள்பக்கம்தான் திறந்துகொண்டிருந்தன.