பேக்கரும்புக்குப் போக ஐந்நூறு ரூபாய்!

ராமேஸ்வரம் ஸ்டேஷன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது. "சார், ஏழு பாயிண்ட், ஆயிரத்து இருநூறு." ராமர் பாதம், லட்சுமண தீர்த்தம் என்று ஒரே மூச்சில் ஒப்பித்து, கலாம் சார் சமாதி, கலாம் சார் வீடு என்று முடித்தார் ஆட்டோ டிரைவர். கடைசி இரண்டு மட்டும் போதும் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அறுநூறில் தொடங்கி நானூறுக்கு இறங்கினார். சமாதி இருக்கும் பேக்கரும்பில் போய் இறங்குகிறேன், நினைவிட வாசலைத் தாண்டி ஓர் அரசுப் பேருந்து ஹாயாகப் போகிறது. வயிறு எரிந்தது. அதில் வந்திருந்தால் சில்லறையோடு முடிந்திருக்கும்.

உள்ளே போகக் கட்டணம் கிடையாது. அப்பாடா! 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தவரை, 30ஆம் தேதி இங்கேதான் அடக்கம் செய்தார்கள். இரண்டு வருடம் கழித்து அதே ஜூலை 27 அன்று நினைவிடத்தைத் திறந்தார்கள். கட்டியது அவர் வேலை பார்த்த ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. தான். ஜனாதிபதி மாளிகை மாதிரி குவிமாடம், டெல்லி இந்தியா கேட் மாதிரி வாசல், அக்னி ஏவுகணையின் மாதிரி வடிவம் எல்லாம் உண்டு. எனக்கென்னவோ கொஞ்சம் அதிகம் என்றுதான் பட்டது. வீணை வாசிக்கும் கலாம் சிலைக்குப் பக்கத்தில் கீதை இருக்கலாமா என்று திறந்த புதிதில் ஒரு சண்டை கிளம்பியது. குடும்பத்தார் குர்ஆனையும் பைபிளையும் கொண்டுவந்து வைத்தார்கள்.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பட்டாளம் வந்திருந்தது. கனவு காணுங்கள், உழையுங்கள் என்று வாத்தியார் நீட்டி முழக்கிக்கொண்டிருக்க, பசங்க கையால் ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சு வாக்கில், கலாம் படித்தது ஷ்வார்ட்ஸ் ஸ்கூல் என்றார். பின்வரிசையில் ஒருவன் துள்ளிவிட்டான். "சார், நாங்க டெய்லி அது வழியாத்தான் சார் வர்றோம்!" அதற்கப்புறம் அந்த வரிசையில் ஒருவனும் ராக்கெட் விடவில்லை.

எனக்குக் கலாம் என்றால் ராக்கெட் ஞாபகம் வராது, ஒரு பில்தான் ஞாபகம் வரும். 2006இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட சொந்தக்காரர்கள் ஜனாதிபதி மாளிகைக்கு வந்து ஒரு வாரம் போலத் தங்கினார்கள். அவர்கள் குடித்த டீ வரைக்கும் கணக்குப் போடச் சொல்லி, சுமார் மூன்றரை லட்சத்தைத் தன் கையிலிருந்து கட்டினாராம். செயலாளராக இருந்த பி.எம். நாயர் சொன்னது. பஸ் டிக்கெட்டைக்கூட நோட்டில் எழுதிவைக்கிற என்னைப் போன்றவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

திரும்பும் வழியில் டிரைவர் ரயில் பாதையைக் காட்டினார். "இங்கதான் சார் பேப்பர் கட்டைத் தூக்கிப் போடுவாங்க. எங்க தாத்தாவும் கலாமும் சேர்ந்துதான் பொறுக்குவாங்க." இரண்டாம் உலக யுத்த காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காது, ஓடுகிற ரயிலிலிருந்து வீசிய கட்டுகளைச் சிறுவன் கலாம் சேகரித்துக் கொடுத்தார், அது உண்மை. ஆனால் கட்டு விழுந்தது தனுஷ்கோடிப் பக்கம். இவர் காட்டியதோ பாம்பன் பக்கம்! மசூதித் தெருவில் டீ போட்டுக் கொடுத்தவரும் தன் தாத்தாவைப் பற்றி இதையேதான் சொன்னார். இந்த ஊரில் எல்லார் தாத்தாவும் கலாமோடு பேப்பர் பொறுக்கியவர்கள் போலிருக்கிறது.

கலாம் வீடு மாடிப்படி ஏறி இறங்குகிற சின்ன இடம். படங்களும் பரிசுகளும். கோயிலிலிருந்து நடந்தே வந்துவிடலாம், இதற்கு ஆட்டோவே வேண்டாம்.

இறங்கும்போது, "வெயிட்டிங் நூறு சார்." தாத்தா கதைக்காகக் கொடுத்துத் தொலைத்தேன்.

மதியம் தனுஷ்கோடிக்கு வேனில் போய், ஒரு கீற்றுக் கொட்டகையில் பாறை மீன் வறுவல் சாப்பிட்டேன். கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்தது. ஓரமெல்லாம் மொறுமொறு, மிளகாய் நெடி மூக்கில் ஏறுகிறது, உள்ளே வெள்ளை வெளேரென்று ஆவி. இன்னொரு துண்டு சொன்னேன். நோட்டில் எழுதினேன்: ஆட்டோ 500, மீன் 240. இரண்டாவது துண்டை எழுதவில்லை.